மஞ்சூர் தபால்: நைட் காலேஜ்ல படிச்ச கவர்னர்

போன இதழ்ல கோத்தகிரி அக்கா ஒருத்தங்க கேட்ட கேள்விக்கு நாலே வரியில பதில் சொல்லி ஓட்டிட்டேன், அதுக்கு தண்டனை மாதிரி இந்த மாசம் தபால் குவிஞ்சு போச்சு. அந்த இதழ் படிக்காதவங்களுக்கு விஷயத்த சொல்லிடறேன். அக்காவோட பையன் கலிபோர்னியாவுல இர்வைன் யுனிவர்சிட்டில எம்.எஸ். படிக்க போயிருக்கான், போன்ல பேசறப்போ "அம்மா, இந்த காலேஜ், நான் குடிக்கற தண்ணி, போற ரோடு எல்லாமே ஒரே கவர்னர் காலத்துல வந்ததாம்"னு சொல்லியிருக்கான். ஒரு கவர்னரால அவ்ளோ செய்ய முடியுமாங்கன்னு அக்கா கேட்டாங்க. அவர் பேரு பாட் பிரவுன், 1959ல இருந்து 1967 வரைக்கும் ரெண்டு தடவை இருந்தவர், பையன் சொன்னது ஓரளவு சரிதான்னு எழுதிட்டு உருளைக்கிழங்கு கேள்விக்கு தாவிட்டேன். விடுவீங்களா நீங்க? இந்த மாசம் முழுக்க அவர்தான். உருளைக்கிழங்குக்காரங்க கோவிச்சுக்காதீங்க, அடுத்த மாசம் கண்டிப்பா.

கே: எங்க ஊட்டியிலயும் கவர்னர் பங்களா இருக்கு. கோடையில அவர் வந்தா ரோட்ட நிறுத்தி வைப்பாங்க, மத்தபடி எங்களுக்கு ஒண்ணும் தெரியாது. அந்த கவர்னரும் இந்த கவர்னரும் ஒரே ஆளுங்களா?
– ஒரு டாக்சி டிரைவர், ஊட்டி

ப: பேரு மட்டும்தான் ஒண்ணு தம்பி. நம்ம கவர்னர ஜனாதிபதி நியமிக்கறார், அரசியல் சட்டத்துல 155ன்னு பிரிவு, அப்புறம் 163ன்னு ஒண்ணு இருக்கு, மந்திரிசபை சொல்ற ஆலோசனைப்படி நடக்கணும்னு சொல்றது (அத வெச்சு கோர்ட்டுக்கு போன கதையெல்லாம் நீங்களே பேப்பர்ல படிச்சிருப்பீங்க). அமெரிக்காவுல மாநில கவர்னர்ங்கறவர் ஊர் ஊரா போய் கைய குலுக்கி ஓட்டு வாங்கி வர்ற ஆளு, பட்ஜெட் போடறது அவர், சட்டசபை போடற சட்டத்த வேணாம்னு திருப்பி அனுப்பறது அவர், அதிகாரிங்கள போடறதும் அவர். நம்ம கணக்குல முதலமைச்சர்.

நம்ம ஊர்லயும் கவர்னர் கையில நிஜ அதிகாரம் இருந்த காலம் ஒண்ணு உண்டு, ஆனா அது வெள்ளைக்காரன் காலம். லஷிங்டன்னு ஒரு மெட்ராஸ் கவர்னர், 1827ல இருந்து 1832 வரைக்கும், ஊட்டி மேல அவருக்கு பைத்தியம். நீங்க சவாரி ஏத்திட்டு போய் காட்டுவீங்களே செயின்ட் ஸ்டீபன் சர்ச், அதுக்கு 1829ல அடிக்கல் வெச்சது அவர்தான், உள்ள இருக்கற பெரிய உத்திரமெல்லாம் ஸ்ரீரங்கப்பட்டணத்துல திப்பு சுல்தானோட அரண்மனைய பிரிச்சு மலையேத்தி கொண்டு வந்தது. அதுவும் ஒரு வளர்ச்சிதான். ஆனா இங்க இருந்த படுகருகிட்டயோ தோடருகிட்டயோ யாரும் ஓட்டும் கேக்கல, இஷ்டமான்னும் கேக்கல.

கே: இந்த பாட் பிரவுன் பெரிய படிப்பு படிச்சவரா? பணக்கார வீட்டு பிள்ளையா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், குன்னூர்

ப: ரெண்டும் இல்லைங்க சார். 1905ல சான்பிரான்சிஸ்கோவுல பொறந்தவர். அப்பா பல தொழில் பார்த்தவர், அதுல சுருட்டுக்கடையும் ஒண்ணு. ஸ்கூல் முடிச்சதும் பையன் காலேஜுக்கு போகல, பகல்ல அப்பா கடையில சுருட்டு வித்துட்டு ராத்திரி சட்டப்படிப்பு, அப்படியே 1927ல வக்கீலா வந்துட்டார். அப்புறம் சான்பிரான்சிஸ்கோ மாவட்ட அரசு வக்கீல், மாநில அட்டர்னி ஜெனரல், அதுக்கப்புறம் கவர்னர். பாட்ங்கறது கூட பட்டப்பேருதான், முதல் உலகப்போர் சமயத்துல சின்ன பையனா போர்ப்பத்திரம் வித்துட்டு இருந்தப்போ அமெரிக்க விடுதலைத் தலைவர் பாட்ரிக் ஹென்றியோட 'சுதந்திரம் கொடு, இல்ல சாவு கொடு' வசனத்த பேசிப்பேசி அந்த பேரே ஒட்டிக்கிச்சு. நிஜப்பேரு எட்மண்ட்.

இத எழுதறப்போ உங்களுக்கு யாரு ஞாபகம் வந்திருப்பாங்கன்னு எனக்கு தெரியும், எனக்கும் அவர்தான் வந்தார். ஸ்கூல் படிப்ப பாதியில விட்டுட்டு மாமா கடையில நின்ன விருதுநகர் பையன் 1954ல முதலமைச்சர் ஆகி ஊர் ஊரா ஸ்கூல் தொறந்து மதிய சாப்பாடு போட்டார். அதே வருஷங்கள்லதான் உலகத்தோட அந்த கோடியில, பகல் காலேஜ் வாசலையே பார்க்காத ஒருத்தர் காலேஜா தொறந்துட்டு இருந்தார். தனக்கு கெடைக்காதத அடுத்தவனுக்கு கொடுக்கணும்னு நினைக்கறவன் ஒரு ரகம், எனக்கு கெடைக்கல உனக்கு மட்டும் எதுக்குங்கறவன் இன்னொரு ரகம், ரெண்டாவது ரகத்த நான் நிறைய பார்த்திருக்கேன், ஆபீஸ்ல எனக்கு மேல இருந்தவரே அப்படித்தான், அது வேற கதை.

கே: அப்போ அங்க காலேஜ்ல ஃபீஸே கெடையாதாமே, பையன் சொன்னான். அப்புறம் எங்களுக்கு மட்டும் ஏங்க இவ்ளோ லோன்? தேயிலைத் தோட்டத்துல பாதிய பேங்க்ல வெச்சுட்டு உக்காந்திருக்கோம்.
– அதே கோத்தகிரி அக்கா

ப: அக்கா, உங்க வயித்தெரிச்சல் புரியுது. கதைய முழுசா சொல்றேன்.

ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சு பொறந்த பிள்ளைங்க எல்லாம் 1960கள்ல காலேஜ் வயசுக்கு வந்து நின்னாங்க, போதாததுக்கு நாட்டுல இருக்கறவன் எல்லாம் வேலை தேடி கலிபோர்னியாவுக்கு வந்துட்டே இருந்தான், 1960 கணக்குப்படி 1.57 கோடி பேர், பத்து வருஷத்துல அது கிட்டத்தட்ட 2 கோடி. 1962 வாக்குல நியூயார்க்க முந்தி நாங்கதான் முதல் மாநிலம்னு கொண்டாட்டமே வெச்சார் பிரவுன். இவ்ளோ பிள்ளைங்கள எங்க உக்கார வைக்கறது? அதுக்குன்னு போட்டதுதான் 1960ல வந்த மாஸ்டர் பிளான். மூளையா இருந்தவர் கிளார்க் கெர், யுனிவர்சிட்டி தலைவர், பிரவுன் கையெழுத்து போட்டு பணத்த ஒதுக்கினார். ஸ்கூல் முடிக்கறதுல முதல் எட்டுல ஒரு பங்கு பிள்ளைங்களுக்கு யுனிவர்சிட்டி ஆஃப் கலிபோர்னியா, முதல் மூணுல ஒரு பங்குக்கு ஸ்டேட் காலேஜ், மீதி யாரா இருந்தாலும் உள்ளூர் ரெண்டு வருஷ காலேஜ், அங்க நல்லா படிச்சா மூணாவது வருஷம் பெரிய யுனிவர்சிட்டிக்கு மாறிக்கலாம். கதவு யாருக்கும் மூடல, அதுதான் விசேஷம். உங்க பையனோட இர்வைன் 1965ல தொறந்தது, சான்டா குரூசும் அதே வருஷம், சான் டியாகோ அதுக்கு முன்னாடி. இர்வைன்ல அதுக்கு முந்தி மாடு மேஞ்சுட்டு இருந்துச்சு, பண்ணை நிலம்.

அந்த மாநில பிள்ளைங்களுக்கு டியூஷன் ஃபீஸ் கெடையாது. சில்லறை கட்டணம் மட்டும் உண்டு. எப்ப மாறுச்சுன்னா, பிரவுன் தோத்துப்போய் ரீகன் கவர்னரா வந்த பிறகு. பதவியேத்து மூணு வாரம்கூட ஆகல, கிளார்க் கெர் வேலைய விட்டு தூக்கப்பட்டார். 1970கள்ல படிப்புக் கட்டணம்னு வேற பேர்ல ஒண்ணு நுழைஞ்சுது, 1978ல வீட்டு வரிய குறைக்கணும், இஷ்டத்துக்கு ஏத்தக்கூடாதுன்னு ஜனங்களே ஓட்டு போட்டு ஒரு சட்டம் கொண்டு வந்தாங்க, புரோபசிஷன் 13ன்னு பேரு, அதோட அரசாங்கத்து கை சுருங்கிடுச்சு. இப்போ அந்த ஊர் பிள்ளைங்களுக்கே வருஷம் பத்தாயிரம் டாலருக்கு மேல ஆகுது, வெளிநாட்டு பிள்ளைன்னா சொல்லவே வேணாம், உங்களுக்குத்தான் தெரியுமே. இதுல எனக்கு பிடிக்காத விஷயம் ஒண்ணு இருக்கு, அந்த வரிய குறைக்க ஓட்டு போட்டவங்கள்ல எத்தனை பேர் ஃபீஸ் இல்லாம படிச்சு வீடு வாங்கினவங்களோ.

கே: நான் ஈ.பி.யில குந்தா பவர் ஹவுஸ்ல இருந்து ரிட்டையர் ஆனவன். அந்த கலிபோர்னியா தண்ணி புராஜெக்ட் பத்தி டெக்னிகலா கொஞ்சம் சொல்லுங்க.
– எடக்காடு வாசகர்

ப: அண்ணா, உங்களுக்கு நான் டெக்னிகலா சொல்றதா! எங்கப்பா உங்க டனல்ல வேலை செஞ்சவர். குந்தா வேலை நடந்தப்போ சமவெளியில இருந்து மலையேறி வந்தவர்தான், கனடா உதவி, கொழும்பு திட்டம்னு அவர் வாய்ல அடிக்கடி வரும், அப்போ எனக்கு கனடாங்கறது எமரால்டு தாண்டி இருக்கற ஊருன்னு நினைப்பு. டனலுக்குள்ள போட்டுட்டு போன கம்பூட்ஸ் ரொம்ப நாள் கட்டிலுக்கு அடியில கெடந்துச்சு, ஒண்ணு ஓட்டையானதும் அம்மா அதுல மண்ண போட்டு புதினா வெச்சாங்க, நல்லா வந்துச்சு.

சரி விஷயத்துக்கு வர்றேன். கலிபோர்னியாவுல மழை வடக்க, ஆளு தெக்க. அந்த தண்ணிய தெக்க கொண்டு போகணும்னு பேச்சு ரொம்ப வருஷமா இருந்துச்சு, ஒருத்தன் தண்ணிய இன்னொருத்தன் கேட்டா என்ன சண்டை வரும்னு காவிரி பார்த்த நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல. பிரவுன் 1959ல சட்டத்த நிறைவேத்தி, 175 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு 1960 நவம்பர்ல ஜனங்ககிட்டயே ஓட்டுக்கு விட்டார். வடக்கு பக்கம் பெரும்பாலும் வேணாம்னுட்டாங்க. மொத்தமா பார்த்தா சுமார் 1.74 லட்சம் ஓட்டு வித்தியாசத்துல தப்பிச்சுது.

அந்த பணத்துல வந்ததுதான் ஃபெதர் ஆத்துக்கு குறுக்க ஓரோவில் அணை, 770 அடி உசரம், அமெரிக்காவுலயே உசரமானது, 1968ல முடிஞ்சுது. மேட்டூர் 120 அடின்னு கேட்டு வளர்ந்த காதுக்கு இது கொஞ்சம் ஓவராத்தான் இருக்கும் (அது தண்ணி மட்டம், இது கட்டட உசரம், ரெண்டையும் ஒப்பிடக்கூடாதுன்னு நீங்க லெட்டர் போடறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்). அங்க இருந்து டெல்டா, டெல்டாவுல இருந்து 700 கிலோமீட்டருக்கு மேல கால்வாய், கடைசியில தெஹாச்சப்பின்னு ஒரு மலை குறுக்க நிக்குது. அந்த மலைக்கு மேல தண்ணிய ஒரே மூச்சுல 1926 அடி ஏத்தறாங்க. குன்னூர்ல இருந்து ஊட்டிக்கு ரயில் ஏறுற உசரத்தவிட அதிகம். நீங்க வாழ்க்கை பூரா தண்ணிய மேல இருந்து கீழ விட்டு கரண்ட் எடுத்தீங்க, அவங்க கரண்ட்ட கொடுத்து தண்ணிய மேல தூக்கறாங்க, கலிபோர்னியாவுலயே அதிகமா கரண்ட் சாப்பிடற ஒரே ஆள் இந்த புராஜெக்ட்தான். இறங்கற பக்கம் டர்பைன் வெச்சு கொஞ்சம் திருப்பி எடுக்கறாங்க, ஆனா செலவழிச்ச அளவுக்கு வராது.

சாதனைதான், மறுக்கல. ஆனா எல்லாருக்கும் இவ்ளோ தர்றோம்னு கையெழுத்து போட்ட தண்ணி நிறைய வருஷம் முழுசா வர்றதில்ல. 2021 டிசம்பர்ல, அடுத்த வருஷத்துக்கு யாருக்கு எவ்ளோன்னு முதல் அறிவிப்பு விட்டப்போ, உயிர் காக்கற அவசரத் தேவை தவிர்த்து பூஜ்யம் சதவீதம்னு அறிவிச்சாங்க. வெயில் காலத்துல எமரால்டு அணை கரையில செம்மண்ணு படி படியா தெரியுமே, அந்த மாதிரி படங்கள் ஓரோவில்லயும் வந்துச்சு. அப்புறம் உங்க கோத்தகிரி பையனுக்கும் ஒரு திருத்தம், அவன் குழாய்ல வர்றதுல ஒரு பங்குதான் இந்த தண்ணி, நிலத்தடித் தண்ணியும் கொலராடோ ஆத்துத் தண்ணியும் சேர்ந்துதான் வருது.

இத தன் நினைவுச்சின்னமா இருக்கணும்னுதான் ஆசைப்பட்டேன்னு பிரவுனே பின்னாடி ஒளிக்காம சொன்னார். கால்வாய்க்கும் அவர் பேருதான்.

கே: ரோடு? எட்டு லேன் ஹைவே எல்லாம் அவர் போட்டதுதானே? மேட்டுப்பாளையம் ரோட்டுல மே மாசம் மாட்டிக்கிட்டு நாங்க படற பாடு இருக்கே.
– காய்கறி லாரி ஓட்டுபவர், கேத்தி

ப: 1959ல 12,000 மைலுக்கு பிளான் போட்டாங்க, அவர் காலத்துல நிறைய போட்டும் முடிச்சாங்க. எனக்கு அவ்ளோ பிடிச்ச விஷயம் இல்ல. லாஸ் ஏஞ்சல்ஸ்ல பாயில் ஹைட்ஸ்னு ஏழை மெக்சிகோக்காரங்க இருந்த பேட்டைய பல ஹைவேங்க சேந்து துண்டு துண்டா வெட்டிடுச்சு, சான்பிரான்சிஸ்கோவுல ஜனங்க சண்டை போட்டு 1959லயே பாதிக்கு மேல வேணாம்னு நிறுத்திட்டாங்க. சத்தம் போடத் தெரிஞ்சவன் வீடு தப்பிச்சுது, அவ்ளோதான். நம்ம மலைக்கு எட்டு லேன் கேக்காதீங்க அண்ணா, பர்லியாறு தாண்டினா மலையே நாலு லேன் அகலம்தான்.

கே: எங்க தாத்தா பாட்டி சிலோன்ல இருந்து திரும்பி வந்து டான்டீல (அரசாங்க தேயிலைத் தோட்டக் கழகம்) வேலை பார்த்தவங்க, நானும் லைன் வீட்டுலதான் வளர்ந்தேன். கவர்னர் அணை கட்டினார், காலேஜ் கட்டினார்னு எல்லாரும் சொல்றாங்க, அந்த தண்ணியில வெளஞ்சத பறிச்சவங்களுக்கு என்ன செஞ்சார்?
– ஒரு வாசகி, பந்தலூர்

ப: அம்மணி, இந்த மாசம் வந்ததுல இதுதான் கேள்வி. இதுக்கு பதில் சொல்றப்போ பிரவுன் கொஞ்சம் சின்னதாத்தான் தெரியறார்.

1964ல நம்ம பிரதமர் சாஸ்திரியும் சிலோன் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்து போட்டு உங்க தாத்தா பாட்டி மாதிரி லட்சக்கணக்கான பேர கணக்குல பங்கு பிரிச்சாங்க இல்லையா, அதுக்கு அடுத்த வருஷம் செப்டம்பர்ல கலிபோர்னியாவுல டெலானோங்கற ஊர்ல திராட்சைத் தோட்டத்து ஆளுங்க வேலைய நிறுத்தினாங்க. ஆரம்பிச்சது பிலிப்பைன்ஸ்காரங்க, ஒரு வாரத்துல மெக்சிகோக்காரங்களும் சேர்ந்தாங்க, அவங்க தலைவர் செசார் சாவேஸ். முதலாளிங்க அசையல. 1966 மார்ச்ல டெலானோவுல இருந்து தலைநகரம் சாக்ரமெண்டோ வரைக்கும் நடக்க ஆரம்பிச்சாங்க, 25 நாள், கால்ல கொப்புளத்தோட, முன்னாடி மாதா படத்த தூக்கிக்கிட்டு. ஈஸ்டர் ஞாயித்துக்கிழமை, ஏப்ரல் 10, ஆயிரக்கணக்கான பேரா போய் கவர்னர் ஆபீஸ் படிக்கட்டுல நின்னாங்க. கவர்னர் ஊர்ல இல்ல. பாம் ஸ்பிரிங்ஸ்ல பாடகர் ஃபிராங்க் சினாட்ரா வீட்டுல குடும்பத்தோட ஈஸ்டர் கொண்டாடிட்டு இருந்தார்.

கெட்ட எண்ணம்னு நான் சொல்ல மாட்டேன். பண்டிகைக்கு குடும்பத்தோட இருக்கேன்னு வாக்கு கொடுத்துட்டார். ஆனா நடந்து வந்தவங்களுக்கும் அன்னிக்கு பண்டிகைதானே. அவர் மகன் கவர்னர் ஆகி 1975ல தோட்டத் தொழிலாளிங்க சங்கம் வெக்கறதுக்கு சட்டம் கொண்டு வந்தார், அப்பா விட்டத மகன் செஞ்சார்னு வேணா வெச்சுக்கலாம், அதுக்குள்ள ஒம்போது வருஷம் திராட்சை பறிச்சாச்சு.

நியாயத்துக்கு இன்னொண்ணும் சொல்லணும். வேலை கொடுக்கறதுல கறுப்பு வெள்ளை பார்க்கக்கூடாதுன்னு 1959ல அவர் சட்டம் போட்டார், 1963ல வீடு விக்கறதுலயும் வாடகைக்கு விடறதுலயும் பார்க்கக்கூடாதுன்னு இன்னொண்ணு. அதுக்குத்தான் அடி வாங்கினார். என் வீட்ட நான் யாருக்கு வேணா கொடுப்பேன், நீ யாருய்யா கேக்கறதுக்குன்னு அடுத்த வருஷமே ஜனங்க ஓட்டு போட்டு அந்த சட்டத்த தூக்கினாங்க, நூத்துக்கு 65 பேர். அப்புறம் கோர்ட்டுதான் அந்த ஓட்டு முடிவ செல்லாதுன்னு சொல்லுச்சு. வாடகைக்கு வீடு கேட்டு போனா "நீங்க என்ன ஆளுங்க"ன்னு நைசா விசாரிக்கற நம்ம ஊர்க்காரங்களுக்கு இது ஒண்ணும் அதிசயமா இருக்காது.

கே: தூக்கு தண்டனை விஷயத்துல அவர் பேரு அடிபடுதே? எங்க கிளாஸ்ல சர் ஒரு தடவை சொன்னார்.
– சட்டக்கல்லூரி மாணவி, குன்னூர்

ப: கேரில் செஸ்மன் கேஸ்மா. 1948ல தண்டனை, கொள்ளை, ஆள்கடத்தல், பொண்ணுங்கள பலாத்காரம், கொலை எதுவும் இல்ல, ஆனா அப்போ இருந்த சட்டப்படி விஷவாயு தண்டனை. ஜெயில்லயே உக்காந்து புஸ்தகம் எழுதி உலகம் பூரா பேரு வாங்கி 12 வருஷம் ஓட்டிட்டார். 1960 பிப்ரவரியில கடைசி நேரத்துல பிரவுன் மகன் ஜெரி, பாதிரியார் ஆக படிச்சுட்டு இருந்து வெளிய வந்த பையன், அப்பாவுக்கு போன் போட்டு பேசினார், அப்பா 60 நாள் நிறுத்தி வெச்சார். தண்டனையவே எடுத்துடலாம்னு சட்டசபைய கேட்டார், கமிட்டியிலயே 8க்கு 7ன்னு விழுந்துச்சு. ரெண்டு தடவை குற்றவாளி ஆனவனுக்கு குறைக்கணும்னா அந்த மாநில சுப்ரீம் கோர்ட் சம்மதம் வேணும், அதுவும் 4க்கு 3ல போச்சு. மே 2ம் தேதி செஸ்மன முடிச்சிட்டாங்க.

இதுல ரெண்டு பக்கமும் அவர திட்டினாங்க. மொத்தம் 59 கேஸ் அவர் மேஜைக்கு வந்துச்சு, 23 பேர விட்டார், 36 பேர் போனாங்க. வயசான பிறகு ஒவ்வொரு ஃபைலா நினைச்சு நினைச்சு அதப்பத்தி தனியா ஒரு புஸ்தகமே போட்டார். அணை பத்தி பேசறப்போ அவர்கிட்ட இருந்த மிதப்பு இதுல கெடையாது.

கே: இவ்ளோ செஞ்சும் ஏன் தோத்தார்?
– டீக்கடைக்காரர், மஞ்சூர் (நேர்லயே கேட்டது, தபால் இல்ல)

ப: மாமா, கடையில சொன்னத கொஞ்சம் விரிச்சு எழுதறேன், வர்க்கி பாக்கிய இதுல கழிச்சுக்கோங்க.

1962ல அவர எதிர்த்து நின்னது யாரு தெரியுமா, நிக்சன், துணை ஜனாதிபதியா இருந்துட்டு வந்த ஆளு. அவரையே கிட்டத்தட்ட 3 லட்சம் ஓட்டுல சாய்ச்சார். அதுல வந்த தைரியமோ என்னமோ, 1966ல சினிமா நடிகர் ரீகன் நின்னப்போ சிரிச்சார். டிவி விளம்பரத்துல ஸ்கூல் பிள்ளைங்ககிட்ட, நான் ஒரு நடிகன எதிர்த்து நிக்கறேன், லிங்கன சுட்டது யாருன்னு தெரியுமில்லன்னு கேட்டார், சுட்டது ஒரு நாடக நடிகன், அந்த நக்கல். நடிகன நக்கல் பண்ணினா என்ன ஆகும்னு தமிழ்நாட்டுல யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கிட்டத்தட்ட 10 லட்சம் ஓட்டுல தோத்தார். அது 1966 நவம்பர். இங்க 1967 தொடக்கத்துல எம்.ஜி.ஆர். கழுத்துல கட்டோட ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டே பரங்கிமலையில ஜெயிக்கறார், விருதுநகர்ல ஒரு மாணவர் தலைவர்கிட்ட காமராஜர் 1285 ஓட்டுல தோக்கறார். ரெண்டு ஊருக்கும் நடுவுல பாதி உலகம், மூணு நாலு மாசம்தான் இடைவெளி.

காரணம் நடிகர் மட்டும் இல்ல. 1964ல பெர்க்லி காலேஜ்ல பேச்சுரிமை கேட்டு பசங்க உக்காந்தாங்க, நூத்துக்கணக்குல கைது. இங்க 1965ல இந்தி எதிர்ப்புல காலேஜ் பசங்க ரோட்டுக்கு வந்த மாதிரிதான். அங்க பசங்கள பார்த்து எரிச்சலான பெத்தவங்க கவர்னருக்கு எதிரா குத்தினாங்க, இங்க பசங்களே குத்தினாங்க, அது வித்தியாசம். அப்புறம் 1965 ஆகஸ்ட்ல லாஸ் ஏஞ்சல்ஸ்ல வாட்ஸ் பகுதியில கலவரம், 34 சாவு, கவர்னர் அப்பவும் ஊர்ல இல்ல, கிரீஸ்ல டூர். ஊர்ல இல்லாத ராசி அவருக்கு. எல்லாத்துக்கும் மேல, அவர் போட்ட ரோட்டுல வந்து அவர் கொண்டு வந்த தண்ணிய நம்பி வீடு வாங்கினவன், வாங்கின மறுநாள்ல இருந்து வரி ஏறுதேன்னு கணக்கு பார்க்க ஆரம்பிச்சான். ரீகன் அவன்கிட்ட பேசினார், பிரவுன் அவன்கிட்ட அடுத்த அணை பத்தி பேசிட்டு இருந்தார்.

கே: மகனும் கவர்னர்னு எழுதியிருக்கீங்க. வாரிசு அரசியல் அங்கயுமா?
– ஊட்டி வாசகர்

ப: அங்கயும்தான், ஆனா எட்டு வருஷம் இடைவெளி விட்டு ஓட்டு வாங்கி. ஜெரி பிரவுன் 1975ல வந்தப்போ வயசு 36. அப்பாவுக்கு நேர் எதிர். ரீகன் காலத்துல கட்டின புது கவர்னர் பங்களாவுக்கு போகாம வாடகை வீட்டுல தங்கி பழைய பிளைமவுத் கார்ல போனார், எல்லாத்துக்கும் ஒரு எல்லை இருக்குன்னு பேசினார். அப்பாவுக்கு அந்த வார்த்தையே அலர்ஜி. எட்டு வருஷம் இருந்துட்டு போய், 2011ல திரும்ப வந்து இன்னொரு எட்டு வருஷம். அதுலதான் ஒரு சம்பவம், 2017 பிப்ரவரியில ஓரோவில் அணையில உபரித்தண்ணி போற சறுக்கல் உடைஞ்சு பெரிய பள்ளம் விழுந்துச்சு, கீழ இருந்த சுமார் 1.88 லட்சம் பேர ராத்திரியோட ராத்திரியா வீட்ட விட்டு கெளப்பினாங்க. அவசரநிலை உத்தரவுல கையெழுத்து, அணை கட்டினவரோட மகன். அப்பா 1996லயே போய்ட்டார்.

கே: நீலகிரிக்கு இப்படி ஒருத்தர் வந்து பத்து வருஷம் ஆண்டா நல்லா இருக்குமா?
– இந்து நகர் வாசகர், ஊட்டி

ப: நீங்க இருக்கற இடத்துக்கு பேரு எப்படி வந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும், இந்துங்கறது ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸோட எக்ஸ்ரே பிலிம் பிராண்டு. 1960ல ஆரம்பிச்ச கம்பெனி, ஊட்டியே அத நம்பித்தான் இருந்துச்சு, டிஜிட்டல் வந்துச்சு, பிலிம் போச்சு, இப்போ கேட்டுக்கு பூட்டு. பைக்காரா 1932, மாயாறு, குந்தான்னு பவர் ஹவுஸா வந்துச்சு, கரண்ட் கீழ போகுது, பில்லூர்ல சேர்ற தண்ணி கோயமுத்தூர் குடிக்குது. 2001 கணக்குல 7,62,141 பேர் இருந்த மாவட்டம் 2011ல 7,35,394. கலிபோர்னியா பிரச்சனை வர்றவன எங்க வெக்கறதுன்னு, நம்ம பிரச்சனை படிச்சு முடிச்ச பிள்ளை கீழ இறங்கினா திரும்ப ஏறுறதில்லைங்கறது. வர்றவன் எல்லாம் சனிக்கிழமை வந்து ஞாயித்துக்கிழமை போறவன், அதுக்கும் 2024ல இருந்து இ-பாஸ். அணை கட்டற ஆளு நமக்கு வேணாம், ஏற்கனவே கட்டியாச்சு. காலேஜ் பக்கத்த மட்டும் எடுத்துக்கிட்டு ஒருத்தர் வந்தா, கூடலூர் லைன் வீட்டுல இருந்தும் குந்தா ஹட்டியில (படுகர் ஊரு) இருந்தும் காசில்லாம பஸ்ஸேறி போய் படிச்சுட்டு சாயந்திரம் வீட்டுக்கு வர்ற மாதிரி ஒண்ணு ரெண்டு தொறந்தா, நான் ஓட்டு போடுவேன். என் பொண்ணு ரெண்டாவது வருஷத்துலயே ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கலன்னு திரும்பி வந்தவ, அதனால இதுல எனக்கு கொஞ்சம் சொந்த லாபமும் இருக்குன்னு வெச்சுக்கோங்க.

கே: பையன் லீவுல அந்த கால்வாய பார்க்க போகலாமான்னு கேக்கறான். பக்கமா?
– மறுபடியும் கோத்தகிரி அக்கா

ப: தாராளமா போகலாம் அக்கா. இர்வைன்ல இருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் தாண்டி ஐ-5 ஹைவேல வடக்க போனா பிரமிட் லேக்னு ஒரு அணை ஏரி வரும், மலைய தாண்டி வர்ற தண்ணி அங்கதான் நிக்குது, மேட்டுல விசிட்டர் சென்டர் இருக்கு, புராஜெக்ட் மொத்தத்தையும் விளக்கி வெச்சிருப்பாங்க. காலையில கெளம்பினா சாயந்திரம் திரும்பிடலாம். டிசம்பர் ஜனவரின்னா மட்டும் கெளம்பறதுக்கு முன்னாடி பார்த்துக்க சொல்லுங்க, அந்த கணவாய்ல பனி கொட்டி சில நாள் ரோட்டையே மூடிடுவாங்க. கோத்தகிரி பையன்தான், தெரியும், இருந்தாலும் ஸ்வெட்டர் எடுத்துட்டு போகட்டும்.